கற்பூரம் என்று சொன்னது

என் மகனுக்கு இரண்டு வயது முடிந்திருந்த பங்குனி மாதம் அது. காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியை. பிளஸ் டூ தேர்வு முடிந்து, விடைத்தாள் திருத்தச் செங்கல்பட்டுக்குப் போய்வந்து கொண்டிருந்தேன். காலையில் கிளம்பி வாலாஜாபாத் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தால், வீடு திரும்ப இருட்டிவிடும்.

அந்த வருடம் கரிம வேதியியலில் சில சேர்மங்களின் அமைப்பைப் படமாகக் கொடுத்து, முறைப்பெயரை எழுதச் சொல்லியிருந்தார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பதுதான் பிள்ளைகளைக் குழப்பும். எறும்பிலிருந்து முதலில் எடுத்ததால் ஃபார்மிக் அமிலம் என்று ஒரு பெயர். அது ஊர் வழங்கிய பெயர். மெத்தனோயிக் அமிலம் என்பது அதே அமிலத்துக்கு விதிப்படி வைத்த பெயர். அதைச் சொன்னால் எத்தனை கார்பன், என்ன தொகுதி என்று பொருளைப் பார்க்காமலேயே எழுதிவிடலாம். பாதிப் பிள்ளைகள் ஊர்ப் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது என்று எங்கள் குழுவின் தலைமைத் தேர்வாளர் சொல்லிவிட்டார்.

"அசிட்டோன்னு எழுதினாலும் புரோப்பனோன்னு எழுதினாலும் அதே பொருள்தானே சார்?" என்று அன்று மதியம் நான் வாதாடினேன்.

"பொருள் அதேதான்மா. கேட்டது பேரு" என்றார் அவர். சிவப்பு மையால் அடித்துக்கொண்டே போனேன்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். என் கணவர் பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் விற்பனைக் கூடத்தில் வேலை செய்தார். அவருடைய அக்காவும் எங்களோடுதான் இருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமான சில வருடங்களில் அவரைக் கட்டியவர் வேலை தேடிப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவேயில்லை. அண்ணி ஒரு டிரங்குப் பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். தறிக்காரர்களுக்குத் தார் சுற்றிக் கொடுப்பார். ராட்டையைச் சுழற்றி, ஊடைக்கான பட்டு நூலைச் சின்னக் குழல்களில் ஏற்றும் வேலை அது. நான் பள்ளிக்குப் போனதும் குழந்தை அவரிடம்தான். ராட்டைச் சத்தம் கேட்டால்தான் தூங்குவான்.

அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது குழந்தை அண்ணியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணியின் முகம் சரியாக இல்லை.

"பயப்படாதமா. காலைல இவன் கற்பூரத்தத் துன்னுட்டான். டாக்டராண்ட தூக்கிக்கினு ஓடினேன். வலிப்பு வரும், இங்கியே இருங்கன்னாரு. சாயந்தரம் வரைக்கும் வச்சிப் பாத்துட்டு, ஒண்ணும் இல்ல, இட்டுக்கினு போங்கன்னுட்டாரு."

கற்பூரம் குழந்தையின் மூளையைத் தாக்கும், சாப்பிட்ட சிறிது நேரத்தில் வலிப்பு வரும் என்று படித்திருந்தேன். கோயில் ஊரில் அந்த டாக்டர் அதைப் பலமுறை பார்த்திருப்பார். இவ்வளவு நேரம் வராத வலிப்பு இனி வராது என்று எனக்கே தெரிந்தது. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, உடனே தூக்கிட்டுப் போனீங்க" என்றேன். அவர் சமையலறைக்குப் போனதும், பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கற்பூர டப்பாவை எடுத்து உச்சித் தட்டில் வைத்தேன். மூடி இறுக்கமாக இருந்தது. அதை எப்படித் திறந்தான் என்று ஒரு நொடி யோசித்தேன். குழந்தைகளின் கை எதைத்தான் திறக்காது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அவன் கொஞ்சம் சோர்வாக இருந்தான். வெயில் என்று நினைத்தோம்.

அதற்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு விடைத்தாள் வேலை இல்லை. கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்த அண்ணி, "இங்க வாமா" என்று கூப்பிட்டார். கூப்பிட்ட குரலே வேறு மாதிரி இருந்தது. குழந்தையின் அரைத்துணியை விரித்துக் காட்டினார். சிறுநீர் பட்ட இடம் டீ டிகாஷனைக் கொட்டியதுபோல் கறுத்திருந்தது. ஓடிப்போய்க் குழந்தையை வெளிச்சத்துக்குத் தூக்கி வந்தேன். உதடு வெளுத்திருந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. என் தோளில் தலையைச் சாய்த்தவன் அதைத் தூக்கவேயில்லை.

கணவரும் அண்ணியும் நானுமாகக் குழந்தையோடு டாக்டரிடம் ஓடினோம். அவருடைய வீடு கிளினிக்குக்கு மேல்மாடியில்தான். இளவயதுக்காரர். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இறங்கி வந்தார். குழந்தையின் கண்ணையும் நகத்தையும் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். அரைத்துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ரத்தம் உடையுதும்மா. கற்பூரத்துக்கு இப்படி வராதே. வேற ஏதாச்சும் குடுத்தீங்களா? மாத்திரை?"

"எதுவும் தரல டாக்டர்" என்றார் அண்ணி. "அந்தக் கற்பூர உருண்டை மட்டுந்தான்."

உருண்டை என்ற சொல் அப்போதுதான் என் காதில் விழுந்தது. எங்கள் பூஜைக் கற்பூரம் சதுர வில்லை.

"எந்த உருண்டை அண்ணி?"

"பொட்டில போடறதுமா. என் பொட்டில."

என் கணவர் திரும்பிப் பார்த்தார். "அந்துருண்டையாக்கா? அத நீ கற்பூரம்னா சொன்ன?"

"நம்ம வூட்ல அம்மா அப்டித்தானேடா சொல்லும்" என்றார் அண்ணி.

நான் பிறந்து வளர்ந்தது ஆரணி. எங்கள் பக்கம் அதைப் பாச்சை உருண்டை என்போம். என் கணவருக்குச் சங்கத்தில் பழகிய பெயர் அந்துருண்டை. பட்டுச் சரிகை கறுத்துப்போகும் என்று அதை வீட்டுக்குள்ளேயே சேர்க்க மாட்டார். அதனால் அந்தப் பேச்சு எங்களுக்குள் வந்ததேயில்லை. அண்ணி மட்டும் தன் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்குக் காவலாக, துணியில் முடிந்து சில உருண்டைகளைப் போட்டு வைத்திருந்தார். பங்குனி உத்திரத் திருக்கல்யாணத்துக்குக் கட்டலாம் என்று வெள்ளிக்கிழமை காலை புடவையை எடுத்து உதறியபோது முடிச்சு அவிழ்ந்து உருண்டைகள் ஓடியிருக்கின்றன. ஒன்றைக் குழந்தை மிட்டாய்போல் வாயில் போட்டுக் கடித்துவிட்டான்.

என் கணவர் வண்டியில் வீட்டுக்குப் பறந்து, மிச்சமிருந்த உருண்டைகளைக் கைக்குட்டையில் கொண்டுவந்தார். கற்பூரத்தின் வாசனை இல்லை அது. முகர்ந்ததும் அது மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது.

டாக்டரும் முகர்ந்தார். "நாப்தலினா, இல்ல இப்ப வருதே அந்த டைகுளோரோபென்சீனா? ரெண்டையும் ஒரே பேர்லதான் விக்கறாங்க. நாப்தலின்னா இது இன்னும் மோசமாவும். சென்னையில கேட்பாங்க, நான் உறுதியா சொல்லணும்."

"ஒரு டம்ளர் தண்ணியும் உப்பும் குடுங்க டாக்டர்" என்றேன்.

அவர் மனைவி மேலேயிருந்து கொண்டுவந்து வைத்தார். உருண்டையைத் தண்ணீரில் போட்டேன். மூழ்கியது. கற்பூரமாக இருந்தால் மிதந்திருக்கும். உப்பை அள்ளிப் போட்டுக் கரண்டியால் கலக்கினேன். கரையக் கரைய இன்னும் போட்டேன். இதற்கு மேல் கரையாது என்று உப்பு அடியில் தங்கியபோது உருண்டை மெல்ல அசைந்து மேலே வந்தது. டைகுளோரோபென்சீன் கனமானது, உப்புத் தண்ணீரிலும் எழும்பாது. ஆய்வுக்கூடத்தில் அடர்த்தியைப் பற்றிப் பாடம் நடத்தும்போது எத்தனையோ பொருள்களை மிதக்கவிட்டிருக்கிறேன். அன்று அந்த டம்ளரைப் பார்த்து நின்றதுபோல் எதையும் பார்த்ததில்லை. என் பிள்ளை பக்கத்தில் அவன் அப்பா தோளில் கண்ணை மூடிக் கிடந்தான்.

"நாப்தலின்" என்றேன்.

டாக்டர் தன் பேராசிரியருக்குச் சென்னைக்குப் போன் போட்டார். லைன் சரியில்லை. "கேம்ஃபர் இல்ல சார், நாப்தலின், நாப்தலின்" என்று உரக்கச் சொல்லி, பிறகு எழுத்து எழுத்தாகச் சொன்னார். போனை வைத்துவிட்டு என்னிடம், "நான் அன்னிக்கே இன்னொரு கேள்வி கேட்டிருக்கணும்மா. சாமி கற்பூரமான்னு ஒரு வார்த்தை" என்றார். அவரைக் குறை சொல்ல எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

வாடகைக் காரில் ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் சென்னைக்குப் போனோம். அண்ணியை யாரும் வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கட்டியிருந்த நூல் புடவையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வழியெல்லாம் திரும்பிப் பார்க்கவேயில்லை. என் கணவர் ஒருமுறை, "ஒரு வார்த்தை பெட்டில போடறதுன்னு சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார். நான் அவர் முழங்காலை அழுத்தினேன். நிறுத்திக்கொண்டார். ஆனால் அது அண்ணியின் காதில் விழுந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். வாங்கும் ரத்தத்துக்கு ஈடாக யாராவது கொடுக்க வேண்டும். என் கணவர் கொடுத்தார். அண்ணியும் வரிசையில் போய் நின்றார். எடை போட்டுப் பார்த்து, விரலில் குத்திப் பார்த்து, "உங்களுக்கே ரத்தம் போதாதும்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

"கொஞ்சமாச்சும் எடுத்துக்கோமா" என்று அவர் அந்த நர்சைக் கெஞ்சியதை வராந்தாவின் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன். அவர் யாரையும் கெஞ்சி அதற்குமுன் நான் பார்த்ததில்லை. கட்டியவர் போனபோதுகூட யாரிடமும் போய்த் தேடச் சொல்லிக் கேட்காதவர் என்று ஊரில் சொல்வார்கள்.

மறுநாள் ஆரணியிலிருந்து என் அம்மா வந்து சேர்ந்தார். அன்று வார்டுக்கு வந்த பெண் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். அந்த உருண்டையைக் கடித்த எல்லாக் குழந்தைக்கும் இவ்வளவு ஆகாது என்றார். சில பேருக்கு ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருக்குமாம். மற்ற நாட்களில் வெளியே தெரியாது. நாப்தலின் மாதிரி ஏதாவது உள்ளே போனால் அணுக்கள் கொத்துக் கொத்தாக உடைந்துவிடும். உடைந்ததெல்லாம் வெளியே போய், புது ரத்தம் ஊறிய பிறகுதான் அதற்கான சோதனையைச் சரியாகச் செய்ய முடியும். ஆனாலும் அப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

"இது அம்மா வழியாத்தான் ஆண் குழந்தைக்கு வரும்" என்றார் என்னைப் பார்த்து. "உங்க வீட்டுல ஆம்பளப் பிள்ளைங்க யாருக்காவது மஞ்சள் வந்து, ரத்தம் குறைஞ்சு, அப்படி ஏதாச்சும்?"

எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து அம்மா, "இருந்திச்சுமா" என்றார்.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து இறந்துபோனது என்று தெரியும். அதற்கு மேல் வீட்டில் யாரும் பேசியதில்லை. அம்மா அன்று அந்த வார்டில், ஒரு டாக்டரின் முன்னால் நின்றுகொண்டு சொன்னார். குழந்தை பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தது. பால் குடித்தது. சில நாளில் மேலெல்லாம் மஞ்சளாகி, பால் குடிக்காமல், உடம்பை வில்லாக வளைத்து அழுது, செத்துப்போனது. தாயின் நட்சத்திரம் என்றார்கள். அப்பா வீட்டில் தோஷக்காரி என்றார்கள். நான் பிறந்து தங்கிய பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை.

டாக்டர் கேட்டார். "குழந்தைக்கு என்ன துணிம்மா போட்டீங்க?"

"பழைய வேட்டிதாம்மா. மெத்துன்னு இருக்கும்னு எடுத்து வச்சிருந்தாங்க."

"எங்கே வச்சிருந்தாங்க?"

அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "பொட்டியில" என்றார். "பாச்சை உருண்டை வாசனை அடிச்சிச்சு. புள்ளைக்கு நல்ல வாசனைன்னு சொல்லிக்கினுதான் சுத்தினேன்."

"இத்தனை வருஷம் கழிச்சு உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். "பச்சைக் குழந்தைக்கு அது தோல் வழியாவே உள்ள போகும். அப்படி இருந்திருக்கலாம். நட்சத்திரம் இல்ல. அதை மட்டும் என்னால சொல்ல முடியும்."

அம்மா தலையை ஆட்டினார். அழவில்லை. கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பேரனின் காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அண்ணி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். முதல் நாளிலிருந்து சாப்பிடவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"உங்க மேல தப்பு இல்ல அண்ணி. இது என் ரத்தத்துல இருந்து வந்தது."

"ரத்தம் உன்னோடதா இருக்கலாம்மா" என்றார் அவர். "பொட்டி என்னுது. பேரத் தப்பா சொன்ன வாயும் என்னுது."

அம்மா கையில் இட்லிப் பொட்டலத்தோடு வெளியே வந்தார். நாங்கள் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். மெல்லக் குனிந்து, முட்டியில் கை ஊன்றி, அண்ணிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"நானும் பொட்டியிலேந்துதாம்மா துணி எடுத்தேன்" என்றார். "நீ பெறாத புள்ளைக்கு இப்பிடிக் கெடக்கற. நான் பெத்த புள்ளைக்கே அத சுத்தினேன். துன்னு. நாளைக்கு அவன் கண்ணு முழிச்சா உன்னத்தான் தேடுவான்."

அண்ணி பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். அவர் ஒரு வாய் எடுத்து வைக்கும் வரை அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பேரும் ஒரே இலையிலிருந்து சாப்பிட்டார்கள்.

ரத்தம் ஏற ஏற, குழந்தையின் உதட்டில் சிவப்புத் திரும்பியது. சிறுநீர் வெளுத்தது. ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்து, நர்சின் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்தான். அன்று என் கணவர் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு வெகுநேரம் வரவில்லை. திரும்பியவர் நேராக அக்காவிடம் போய், "டீ குடிக்கலாம் வாக்கா" என்றார். காரில் சொன்னதற்கு அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு. அண்ணி எழுந்து கூடவே போனார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அண்ணி குழந்தையைத் தூக்கவில்லை. சோறு பிசைந்து கிண்ணத்தை என்னிடம் கொடுப்பார். குளிப்பாட்டத் தண்ணீர் விளாவி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். உருண்டைகள் அன்றே போய்விட்டன. பெட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து, எந்த நேரமும் திறந்தே வைத்திருந்தார். கல்யாணப் புடவையை நிழலில் கொடி கட்டி உலர்த்தினார். வாசனை போக மாதக்கணக்கானது. சரிகை அங்கங்கே கறுத்திருந்ததை என் கணவர் பார்த்தார். சொல்லவில்லை.

ராட்டையை மட்டும் நாள் முழுக்கச் சுற்றினார். குழந்தை அந்தச் சத்தத்தைக் கேட்டு நடந்து போவான். அவர் குழல் கூடையை நடுவில் இழுத்து வைத்துக்கொள்வார். ஒரு மத்தியானம் அவன் கூடையைத் தள்ளிவிட்டு அவர் மடியில் ஏறி உட்கார்ந்தான். ராட்டை நின்றது. அண்ணி இரண்டு கையையும் அந்தரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு, நெருப்பு பட்டவர்போல் என்னைப் பார்த்தார். நான் கதவருகில் நின்றுகொண்டிருந்தேன்.

"சுத்துங்க அண்ணி. அவன் தூங்கணும்" என்றேன்.

ராட்டை மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அவன் தூங்கிய பிறகும் அவர் இறக்கிவிடவில்லை.

மழைக்காலத்துக்கு முன்பு சோதனை செய்து பார்த்தோம். டாக்டர் சொன்னதுபோலவே இருந்தது. எந்தெந்த மாத்திரை கூடாது என்று சொன்னார்கள். அதைத் தவிர மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரலாம் என்றார்கள். வளர்ந்தான். பள்ளியில் சேர்க்கப் போன நாளில் அண்ணியும் கூட வந்தார். தலைமையாசிரியை என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் தனியாகப் போய்ப் பிள்ளைகளின் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அங்க வெள்ளையா உருண்டை போட்டிருக்காங்க டீச்சர். அத எடுத்துடணும்" என்றார். தலைமையாசிரியை என்னவென்று கேட்டதற்கு, ஒவ்வோர் ஊரிலும் அதை என்னவெல்லாம் சொல்வார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லி, கடைசியில் "நாப்தலின்" என்றார். அந்தச் சொல் அவர் வாயில் கொஞ்சமும் பிசகவில்லை. எப்போது பழகிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது.

அந்த ஆடியில் அம்மா எங்கள் வீட்டில் வந்து தங்கினார். ஆடி அமாவாசையன்று காலையில் குளித்துவிட்டு, அப்பாவின் படத்துக்கு விளக்கேற்றினார். பக்கத்திலேயே இன்னொரு சின்ன அகலை வைத்து ஏற்றினார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அண்ணிதான் கேட்டார்.

"அந்தக் கொயந்தைக்காமா?"

"ஆமாம்மா. இத்தினி வருஷத்துல ஏத்தினதில்ல. ஏத்தக் கூடாதுன்னாங்க."

"பேரு இன்னாமா அதுக்கு?"

"வைக்கறதுக்குள்ளதான் போயிட்டானே" என்றார் அம்மா. திரியைத் தூண்டிவிட்டார். "நான் மட்டும் மனசுக்குள்ள ஒரு பேரு வச்சிருந்தேன். யார்கிட்டயும் சொன்னதில்ல."

சொன்னார். என் அண்ணனின் பெயரை முதல் தடவையாக நான் கேட்டது அன்றுதான். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. அண்ணி அதை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நல்ல பேருமா" என்றார். பிறகு என் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, விளக்குக்கு முன்னால் அவன் கையைக் குவித்துப் பிடித்தார்.